மாவுக்கட்டோடு மூன்று மாதம்

பதின்மூன்று வருடம் ரயிலிலும் பஸ்ஸிலும் அலைந்தவன் நான். நகரத் தொடங்கிவிட்ட வண்டிக்குள் மூட்டையை முதலில் எறிந்துவிட்டுப் பின்னால் ஓடி ஏறியிருக்கிறேன். நாகபுரிக்குப் பக்கத்தில் ஒருமுறை நான் ஏறியிருந்த லாரி வயலில் சாய்ந்துவிட்டது. எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, மூட்டையிலிருந்த விற்பனைச் சேலைகள் நனைந்துவிட்டனவா என்று பார்த்தேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அப்படிப்பட்டவனுக்குக் கால் உடைந்தது சொந்த வீட்டில், வாசற்படியிலிருந்து ஆறாவது அடியில்.

அறுபதுகளின் கடைசி அது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடைக்காக வெளியூர்களுக்குச் சேலை எடுத்துப் போய், வீடு வீடாகவும் கடை கடையாகவும் காட்டி ஆர்டர் பிடிப்பது என் வேலை. மாதத்தில் இருபது நாள் வெளியே இருப்பேன். பிள்ளையார்பாளையத்தில் இருந்த எங்கள் வீட்டில் நான் ஏறக்குறைய ஒரு விருந்தாளி. நான் வந்தால் தட்டில் ஒரு பொரியல் கூடும். மற்றபடி தறி நெய்ததும், மகளைப் பள்ளிக்கு அனுப்பியதும், வீட்டை நடத்தியதும் என் மனைவிதான்.

அந்த வருடம் பூஜைக் காலத்துக்குக் கல்கத்தா போனவன் திரும்ப நாற்பது நாள் ஆகிவிட்டது. அதற்குள் இங்கே ஐப்பசி மழையில் பின்கட்டு ஓடு ஒழுகி, தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் நனைந்திருக்கிறது. என் மனைவி யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆள் வைத்து வாசல் கூடத்தில் புதிதாகத் தறிக்குழி தோண்டிவிட்டாள். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதி மிதிப்பதற்கான குழி அது, இடுப்பளவு ஆழம். தறியை இன்னும் மாற்றிப் பூட்டவில்லை. மண் உள்ளே சரியாமல் இருக்கக் குழியின் மேல் ஒரு கோரைப்பாயை விரித்து, நாலு முனையிலும் செங்கல் வைத்திருந்தாள்.

விடியற்காலையில் நான் கதவைத் தட்டினேன். அவள் திறந்தாள். தோளில் மூட்டையோடு பழகிய வீட்டுக்குள் நுழைகிறவன் மாதிரி நடந்தேன். "பாத்து, பாத்து" என்று அவள் கத்தியது நாற்பது நாள் கழித்துப் பார்க்கிற சந்தோஷம் என்று நினைத்தேன். பாய் என்னோடு சேர்ந்து உள்ளே வந்தது.

குழிக்குள் கிடந்த என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

"லெட்டர் போட்டேனே, படிக்கலியா?"

"படிச்சேன்" என்றேன். வலியில் அலறிக்கொண்டே சொன்ன பொய் அது.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. கால்விரலுக்கு மேலே தொடங்கித் தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, மூன்று மாதம் அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் ஒழுகாத இடம் வாசல் கூடம் ஒன்றுதான். அங்கேயே சுவரோரமாக எனக்கு ஒரு பெஞ்சுக் கட்டில் போட்டார்கள். மறுவாரம் தறியையும் அங்கே பூட்டினார்கள். நான் விழுந்த அதே குழியில் காலைத் தொங்கவிட்டு அவள் நெய்தாள். அதற்கு நாலடி தள்ளி, சுண்ணாம்பு பூசிய தூண் மாதிரி ஒரு காலை நீட்டிக்கொண்டு நான் கிடந்தேன்.

முதல் பத்து நாள் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எப்படி விழுந்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். சொந்த வீட்டுத் தறிக்குழியில் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அரக்கோணத்தில் ஓடுகிற ரயிலிலிருந்து குதித்தேன் என்றேன். இன்னொருவரிடம், கல்கத்தாவில் டிராமுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன் என்றேன். தறியிலிருந்து அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அச்சுப் பலகையை மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக இழுத்து அடித்தாள்.

பிறகு ஆள் வருவது நின்றது. நாள் நீண்டது.

வெளியில் இருக்கும்போது ஒரு நாளில் என்னவெல்லாம் நடக்கும்! விடிவதற்குள் ஒரு ஊர், பொழுது சாய்வதற்குள் இன்னொரு ஊர், நடுவில் நாலு சண்டை, இரண்டு புது சினேகிதம். இங்கே காலையில் காபி, மத்தியானம் சோறு, சாயங்காலம் மறுபடி காபி. கொல்லைப்புறம் போக இரண்டு பேர் தோள் வேண்டும். மனைவி ஒரு பக்கம், அவளுடைய அக்கா ஒரு பக்கம். அந்த அக்கா கணவனை இழந்தவர், இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். உடம்பும் கனம், குரலும் கனம். அவர்கள் இருவரும் நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இந்தப் பக்கம் ஒருவர் ஊடு நூல் சுற்றிய நாடாவை எறிந்தால் அந்தப் பக்கம் கரைக்கு இன்னொருவர் எறிய வேண்டும். வேலையின் நடுவில் நான் கூப்பிட்டால் இருவரும் எழுந்திருக்க வேண்டும். கூப்பிடக் கூசும். அடக்கிக்கொண்டு கிடப்பேன். அடக்க அடக்கக் கோபம் ஏறும். காபி ஆறிவிட்டது என்று கத்துவேன்.

கட்டுக்குள் அரிப்பு எடுக்கும். பழைய குடைக்கம்பி ஒன்றை உள்ளே விட்டுச் சொறிந்து சொறிந்து, அதுவே ஒரு தொழிலாகிவிட்டது.

பொழுதைத் தள்ள எனக்கு மூன்று சாமான்கள் இருந்தன. முதலாவது, ரயில்வே டைம்டேபிள். என் பயணப் பையில் எப்போதும் கிடக்கும், அட்டை கிழிந்த புத்தகம். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன், புத்தகத்தைப் பிரிப்பேன். இப்போது கல்கத்தா மெயில் கூடூர் தாண்டியிருக்கும். இப்போது பம்பாய் வண்டி ரேணிகுண்டாவில் தண்ணீர் பிடிக்கும். அங்கே பிளாட்பாரத்தில் மூங்கில் தட்டில் வடை விற்கிறவனின் குரல்கூடக் கேட்கும். நான் ஏறாத ரயில்கள் நேரத்துக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை நினைக்க நினைக்க ஆறுதலுக்குப் பதில் எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் புத்தகத்தை மூட முடியவில்லை.

இரண்டாவது, தீப்பெட்டிப் படங்கள். எனக்குப் புகைக்கிற பழக்கம் கிடையாது. ஆனால் போகிற ஊரிலெல்லாம் ஒரு தீப்பெட்டி வாங்கி, மேலே ஒட்டியிருக்கும் படத்தை ஈரம் தொட்டு உரித்து வைத்துக்கொள்வேன். புலி, ரயில் எஞ்சின், தாமரை, வாள் பிடித்த ராணி என்று ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தது. தறிக்கு உதவாமல் போன ஜக்கார்டு அட்டைகளில் அவற்றைக் கஞ்சிப் பசையால் ஒட்டத் தொடங்கினேன். டிசைனுக்காக வரிசையாக ஓட்டை குத்திய அட்டை அது. புலியின் முகத்துக்கு நடுவில் ஓட்டை வரும். மகளுக்கு அப்போது பதினோரு வயது. பள்ளிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் படம் எந்த ஊர் என்று கேட்பாள். முதல் வாரம் சரியாகச் சொன்னேன். பிறகு மறந்துபோனதற்கெல்லாம் வாய்க்கு வந்த ஊரைச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் அழகாக எழுதி வைத்தாள்.

மூன்றாவது, பம்பாயில் வாங்கிய மவுத் ஆர்கன். அதில் எனக்கு ஒன்றரைப் பாட்டு வாசிக்கத் தெரியும். மிச்ச அரைப் பாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று நாலு நாள் விடாமல் ஊதினேன். ஐந்தாம் நாள் மனைவி நாடாவை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"இன்னாங்க, கொஞ்சம் நிறுத்துறீங்களா? நீங்க ஊதுறதுக்குக் காலு அதும்பாட்டுக்கு மிதிக்குது. மிதி மாறிப் போவுது."

"என் வூட்ல நான் ஊதக்கூடாதா?"

"ஊதுங்க. அப்புறம் இந்தச் சேலையும் உங்க பாட்டு மாதிரிதான் வரும்."

அக்கா சிரித்தார். நான் மவுத் ஆர்கனை எடுத்து எறிந்தேன். அது தண்ணீர்க் குடத்தில் பட்டு, குடத்தில் ஒரு நசுங்கல். சாயங்காலம் மகள் அதைத் தேடி எடுத்துத் துடைத்து என் தலைமாட்டில் வைத்தாள். நான் மறுபடி அதைத் தொடவில்லை.

இனி வாய்தான் மிச்சம். பயணக் கதைகளைச் சொல்லத் தொடங்கினேன். நல்ல கதைசொல்லி என்று ரயிலில் எனக்குப் பெயர் உண்டு. ஹௌரா பாலத்தில் காலை நேரத்தில் நகரும் கூட்டம், ஐதராபாத்தில் ஒரு நவாப் வீட்டுப் பெண்கள் திரைக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டிச் சேலையைத் தடவிப் பார்த்தது, பெங்களூர்ப் பசவனகுடியில் ஒரு பெரிய அதிகாரி வீட்டில் என்னைக் கூடத்து சோபாவில் உட்காரவைத்து வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தது. தறி ஓசைக்கு மேல் கேட்கும்படி உரக்கச் சொல்வேன். என் கையெல்லாம் ஆடும்.

ஹௌரா பாலத்தில் ஒரு மாடு நடுவே படுத்துக்கொண்டு நகரத்தையே நிறுத்திய கதையைச் சொன்ன அன்று, அக்கா சிரித்ததில் கரை நாடாவை ஒரு தரம் எறியத் தவறிவிட்டார். இருவருமே கவனிக்கவில்லை. நாலு அங்குலம் நெய்த பிறகுதான் கரை உடலோடு சேராமல் விலகி நிற்பது தெரிந்தது. மத்தியானம் முழுக்க, இழை இழையாகப் பிரித்தார்கள். பட்டை நெய்வதைவிடப் பிரிப்பதுதான் கஷ்டம். இழை அறுந்தால் போச்சு. இருவரும் குனிந்த தலை நிமிராமல் விரலால் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே நான் கிடந்தேன்.

முடித்துவிட்டு அக்கா எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உங்க கல்கத்தா நாலு அங்குலம் துன்னுடுச்சுபா" என்றார்.

மகள் தன் பங்குக்குச் சேர்த்தாள். "போன தடவ பாலத்துல யானை படுத்துக்கினு இருந்துச்சுன்னு சொன்னீங்களேப்பா?"

அன்றோடு கதையும் நின்றது.

கார்த்திகை தீபத்துக்குத் தெருவெல்லாம் அகல் வைத்தார்கள். கதவு வழியாக எதிர்வீட்டுப் படியில் எரிந்த ஏழு விளக்கு மட்டும் எனக்குத் தெரிந்தது. ஏழையும் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். எண்ணிக்கொண்டே அழுகை வந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று மகளிடம் சொன்னேன்.

மார்கழி பிறந்ததும் கடை முதலாளி வந்தார். கையில் நாலு ஆரஞ்சு. அவர் முகத்தைப் பார்த்ததுமே விசாரிக்க மட்டும் வரவில்லை என்று தெரிந்தது.

"இன்னாபா, காலு எப்படி இருக்குது?" என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். தை மாதம் பசவனகுடி வீட்டில் கல்யாணம். இந்த வாரத்துக்குள் சேலைகள் போக வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் மைசூர்ப் பட்டுக்குப் போய்விடுவார்கள். இன்னொரு விற்பனையாள் ஐதராபாத்தில் இருக்கிறான். "உனக்குப் பழக்கமான வூடு. யார அனுப்பலாம், சொல்லு."

யாரை அனுப்பினாலும் அந்த வீடு எனக்கில்லாமல் போய்விடும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தறியோசை நின்றது.

"நான் போறேன், மொதலாளி" என்றாள் என் மனைவி.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். "நீயா? அரக்கோணத்தைத் தாண்டினது உண்டா?"

"நீங்க மொத தடவ போறப்போ தாண்டி இருந்தீங்களா?"

முதலாளி மோவாயைத் தடவினார். "அதுல மூணு சேலை இந்தம்மா நெய்ஞ்சதுதான். எந்தக் கேள்வி கேட்டாலும் சொல்லுமே. பெங்களூர் ஸ்டேஷன் பக்கத்துல என் தங்கச்சி வூடு இருக்குது. அவங்க வந்து கூட்டிக்கினு போவாங்க. கூடப் பொண்ணையும் அனுப்பு, பரீட்சை லீவுதானே. போர்டு கீர்டு படிக்கும்."

அவர் போனதும் நான் வெடித்தேன். ஊர் தெரியாது, பாஷை தெரியாது, மூட்டையை யார் தூக்குவது, நான் இப்படிக் கிடக்கையில் எனக்கு யார் இருக்கிறார்கள். அவள் சேலைகளை மடித்து வெள்ளைத் துணியில் அடுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் ஒரே மூச்சில் பேசினாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"ரெண்டு மாசம் ஆவல. காபி ஆறிப் போச்சுன்னு கத்துறீங்க, கைக்குக் கெடைச்சத விட்டெறியறீங்க. நான் இந்தக் குழியில எறங்கிப் பன்னெண்டு வருஷம் ஆவுது. எத்தையாவது விட்டெறிஞ்சிருக்கேனா? நீங்க வர்றப்பல்லாம் அந்த ஊரு, இந்த ஊருன்னு சொல்லுவீங்க. கேட்டுக்கினுதானே இருந்தேன். ஒரு தடவ நான் பாத்துட்டு வரேன். நாலு நாளு. அக்கா உங்களப் பாத்துக்கும்."

பதிலுக்கு என்னிடம் அறிவுரைதான் இருந்தது. ஜோலார்பேட்டையில் இறங்காதே. மூட்டையைச் சீட்டுக்கு அடியில் வைக்காதே, கால்மாட்டில் வை. கூலிக்காரனுக்கு முன்னால் போகாதே, பின்னால் போ. கடைசியாக, ரொம்பச் சாதாரணமாகச் சொல்வது போல ஒன்றைச் சொன்னேன்.

"அந்த வூட்ல பின்பக்கம் ஒரு கேட் இருக்குது. அங்க போவாத. பெரிய நாய் கட்டியிருக்கும். முன் கேட்டுலயே போய் மணி அடி."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். அவள் தான் நெய்த சேலை எதையும் உடுத்தவில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் அது வழக்கமில்லை. கைத்தறிப் பருத்திச் சேலையில், தலையை அழுந்த வாரி, மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். மகள் என் பயணப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். திரும்பிக் கையசைத்தது மகள்தான்.

அந்த நாலு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். டைம்டேபிளை மார்பில் வைத்துக்கொண்டு, அவர்கள் ரயிலோடு நானும் போனேன். இப்போது காட்பாடி. இப்போது ஜோலார்பேட்டை, இறங்கியிருக்க மாட்டாளே? இப்போது பங்காரப்பேட்டை, குளிர் தொடங்கும், போர்வை எடுத்துப் போகச் சொல்லவில்லையே. தறி ஓடவில்லை. கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். அக்கா மட்டும் என்ன செய்வார்? வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஓசை இருந்தபோது ஓசையைத் திட்டியவன், இப்போது அக்கா கரண்டியை வைக்கிற சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் வேறு வழியில்லாமல் என் டிரங்குப் பெட்டியை எடுத்துத் தரச் சொன்னேன். அதில் கல்கத்தா விடுதிக்கு அவள் போட்ட கடிதம் இருந்தது. இரண்டு தாள். விடுதியில் முதல் தாளை மட்டும் பார்த்திருந்தேன். மகள் நலம், மழை, அக்காவுக்குக் காய்ச்சல். இரண்டாவது தாளைப் புரட்டவே இல்லை. தறிக்குழியை வாசல் கூடத்துக்கு மாற்றியது அதில்தான் இருந்தது. 'நீங்கள் எப்போதும் விடியலில் வருவீர்கள். உள்ளே வரும்போது வலப்பக்கச் சுவரை ஒட்டி வரவும்' என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இன்னும் நாலு வரி. 'அங்கே ஓடுகிற ஆறு எப்படி இருக்கும்? நம் பாலாறு மாதிரி மணலா, இல்லை எப்போதும் தண்ணீரா? அதில் கப்பல் போகும் என்று ரேடியோவில் சொன்னார்கள். பார்த்தால் எழுதவும்.'

நான் எழுதவில்லை. நாற்பது நாளில் ஒரு கார்டுகூடப் போடவில்லை. அந்த ஆற்றைத் தினம் இருமுறை தாண்டினேன்.

அக்கா வந்து, "இன்னா தம்பி, கால் வலிக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நாலாம் நாள், டைம்டேபிள்படி அவர்கள் பகல் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும். அக்காவை நாலு பேருக்குச் சமைக்கச் சொன்னேன். ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. மூன்றும் ஆனது. ரயில் கவிழ்ந்திருக்கும், மூட்டையைப் பறித்திருப்பார்கள், மகள் கூட்டத்தில் கைவிட்டுப் போயிருப்பாள். எழுந்து நிற்கப் பார்த்தேன். கட்டோடு காலைத் தரையில் ஊன்றியதும் கண் இருட்டியது. அக்கா ஓடிவந்து என்னைப் பிடித்து உட்காரவைத்து, "நீங்க மாசக் கணக்கா வராதப்போ அது ஒரு நாளாவது இப்படிக் குதிச்சுதா?" என்று அதட்டினார். அவர் சொல்லியனுப்பி, கடையிலிருந்து முதலாளி வந்து பார்த்தார். என் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"இது போன வருஷத்துதுபா. அந்த வண்டிக்கு டைம் மாத்தி எத்தினியோ மாசம் ஆவுது" என்றார்.

இரண்டு மாதமாக நான் ஓட்டிய ரயில்கள் எதுவுமே அந்த நேரத்தில் ஓடவில்லை. அந்தப் புத்தகத்தை எடுத்துப் போய் அடுப்பு மூட்டச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தார்கள். மகளுக்குக் குளிரில் உதடு வெடித்திருந்தது. மனைவியின் கையில் மூட்டை இல்லை. கொண்டுபோன எல்லாச் சேலையையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், மேற்கொண்டு ஆறு சேலைக்குச் சொல்லியும் இருக்கிறார்கள். அவள் கால் கழுவிவிட்டு வந்து, தறியின் பாவு நூலைத் தொட்டுப் பார்த்தாள். நாலு நாளில் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்திருப்பாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"நல்லா இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"குளுரு."

பன்னிரண்டு வருடம் என் கதைகளைக் கேட்டவள் எனக்குத் தந்தது அந்த மூன்று வார்த்தை. மிச்சத்தை மகள்தான் சொன்னாள். முன் கேட்டில் மணி அடித்தும் ரொம்ப நேரம் யாரும் வரவில்லையாம். பின்னால் போயிருக்கிறார்கள்.

"அங்க நாயே இல்லப்பா. ஒரு வாட்ச்மேன் தாத்தாதான் இருந்தாரு. காஞ்சிபுரத்துச் சேலைக்காரர் வூட்டு ஆளுங்களான்னு கேட்டாரு. அப்பா எப்பவும் இந்த மாமரத்துக்குக் கீழதான் உக்காந்துக்கினு இருப்பாரு, சேலைய மட்டும் உள்ள அனுப்புவாங்கன்னு சொன்னாரு. எங்களை மட்டும் உள்ள கூப்பிட்டாங்க. அம்மாதான் எல்லாருக்கும் கட்டிக் காட்டிச்சு. அந்த வூட்டுப் பாட்டியம்மா அம்மா கையப் புடிச்சுக்கினு..."

"போய்க் கை கழுவு, சோறு போடுறேன்" என்றாள் மனைவி.

மகள் எழுந்து போனாள். சோபாவும் இல்லை, வெள்ளி டம்ளரும் இல்லை. நாலு வருடமாக அந்த மாமரத்தடியில், உள்ளேயிருந்து சேலை திரும்பி வரும் வரைக்கும் எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அதை யாரிடமும் சொன்னதில்லை. ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

அவள் தட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "நல்ல நெழலுதான் அது" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்களுக்குள் ஒருபோதும் வரவில்லை.

தை கடைசியில் கட்டைப் பிரித்தார்கள். உள்ளிருந்து வந்த கால் யாருடையதோ மாதிரி வெளுத்து, மெலிந்து இருந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் அரை அங்குலம் குறைவு. மூட்டையோடு ஓடி வண்டி பிடிக்க இனி முடியாது என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சேலை விரித்துக் காட்டும் வேலை கொடுத்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. மின்விசிறிக்குக் கீழே இடம். ஆனால் முதல் ஒரு வருடம், தெருவில் எந்த பஸ் போனாலும் என் கை விரித்துக்கொண்டிருக்கும் சேலையில் நின்றுவிடும். வாடிக்கையாளர் என் முகத்தைப் பார்ப்பார். மறுபடி விரிப்பேன். அந்தப் புழுக்கம் முழுதாக ஒருபோதும் போகவில்லை; போனது என்று சொன்னால் அதுவும் இன்னொரு கதையாகிவிடும்.

கல்யாண வீடுகளுக்கு என் மனைவியையே அனுப்பினால் என்ன என்று முதலாளி கேட்டது அந்தச் சித்திரையில். பெண்கள் இருக்கிற இடம் வரைக்கும் போய், கட்டிக் காட்டி, நூலைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்கிற ஆள் எந்தக் கடைக்கும் கிடையாது. என்னிடம்தான் கேட்டார். நான் அவளைக் கேளுங்கள் என்றேன். அவ்வளவு சொல்ல எனக்கு ஒரு நாள் பிடித்தது.

இரண்டாவது பயணமாக அவள் மைசூருக்குக் கிளம்பியபோது பஸ் நிலையம் வரைக்கும் நான் போனேன். ஒருவரை வழியனுப்ப நான் பஸ் நிலையத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூட்டையைக் கால்மாட்டில் வைத்து, மகளுக்கு என்ன சமைக்க வேண்டும் என்று சொன்னாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். ஏதோ சொல்ல வேண்டும் போல இருந்தது.

"பாத்ததெல்லாம் வந்து சொல்லு" என்றேன்.

"நேரம் இருந்தா சொல்றேன்" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்ப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு டீ குடித்தேன். பிறகு கடை திறக்கிற நேரமாகிவிட்டதால், காலை இழுத்து இழுத்து நடந்தேன்.